ரகசியம் கேட்கும் டிஷ்

என் வீட்டுக்காரருக்குத் தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் டிவி டிஷ் மாட்டும் வேலை. இருபது வருஷமாகக் கூரை மேல்தான் பிழைப்பு. அதனால் ஜோகன்னஸ்பர்க்கில் ஓர் அறிவியல் கூடத்துக்குப் போகலாம் என்று நான் சொன்னதும், "அங்கேயும் டிஷ்தான் இருக்கும்" என்று அலுத்துக்கொண்டார். சொன்ன மாதிரியே இருந்தது.

ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய லெனேசியாவில் என் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். என்3 நெடுஞ்சாலையில் ஆறு மணி நேரம் ஓட்டி வந்திருந்தோம். முகூர்த்தம் மறுநாள்தான். கல்யாண வீட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பதை விட இது மேல் என்று அவரை இழுத்துக்கொண்டு கிளம்பினேன். நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லித் தருகிறவள். இந்த மாதிரி இடங்களை விட மனசு வராது.

எதிர்காலம் என்று பலகை போட்ட கூடத்தில் முதலில் நுழைந்தோம். செவ்வாய்க்குக் கூட்டிப்போகும் கண்ணாடி பாதி வழியில் உறைந்து நின்றது. பேசும் ரோபோவிடம் கழிப்பறை எங்கே என்று இவர் கேட்டார். அது இன்றைய வானிலையைச் சொன்னது. சரி, போகட்டும் என்று வெளியே நடைகூடத்துக்கு வந்தால், அங்கே இரண்டு பெரிய கிண்ணங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றன. ஒவ்வொன்றும் ஆள் உயரத்தை விடக் கொஞ்சம் பெரிசு. நடுவே இருபது மீட்டர் இடைவெளி, அதில் ஒரு பள்ளிக்கூடமே கத்திக்கொண்டு ஓடியது. ஒயர் இல்லை, மின்சாரம் இல்லை. கிண்ணத்துக்கு முன்னால் ஒரு இரும்பு வளையம் மட்டும்.

நான் ஒரு முனையில் வளையத்தருகே காதை வைத்தேன். அவர் மறுமுனையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிண்ணத்துக்குள் தலையை நீட்டினார். என் காதோடு காதாக வந்தது: "அம்மா கொடுத்த ஊறுகாய் பாட்டிலை வீட்டிலேயே மறந்துட்டேன். திட்டாதே."

திட்டவில்லை. மலைத்துப்போய் நின்றேன்.

கிண்ணம் ஒலியைப் பெருக்கித் தருகிறது என்றுதான் பலரும் நினைப்பார்கள். அது ஒரு துளிகூடச் சேர்ப்பதில்லை, வீணாவதைத் தடுக்கிறது, அவ்வளவுதான். வாயிலிருந்து கிளம்பும் ஒலி எல்லாத் திசையிலும் பரவிக்கொண்டே போகும். ஒரு மீட்டரில் இருந்த வலிமை இருபது மீட்டரில் 400இல் ஒரு பங்காகிவிடும். கிண்ணம் அந்தப் பரவலைப் பிடித்து ஒரே திசையில், தூண் போல நேராக அனுப்புகிறது. எதிர்க் கிண்ணம் அந்தத் தூணைச் சுமார் 3 சதுர மீட்டர் அகலத்துக்கு அள்ளி, காது இருக்கும் ஒரே இடத்தில் கொட்டுகிறது. அந்த இடத்துக்குத்தான் குவியம் என்று பெயர், வளையம் இருப்பது அங்கேதான்.

எந்தக் குழிந்த பாத்திரமும் இதைச் செய்துவிடாது. சமையலறை உருளியை எடுத்துப் பார்த்தால் ஏமாற்றம்தான். வளைவு பரவளையமாக, எறிந்த பந்து போகும் பாதை போல, இருக்க வேண்டும். ஏன் என்பதை நுழைவுச் சீட்டின் பின்பக்கம் அவருக்குப் போட்டுக் காட்டினேன். கிண்ணத்தின் அகலம் 2 மீட்டர், குவியம் அடியிலிருந்து 60 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் குழியின் ஆழம் சுமார் 42 செ.மீ. வரும். நடுவில் போய் மோதும் ஒலி 60 செ.மீ. போய், விளிம்பு மட்டத்துக்கு வெளியே வர 42 செ.மீ. நடக்கிறது. மொத்தம் 1.02 மீட்டர். விளிம்பில் மோதும் ஒலிக்கு, பிதாகரஸ் கணக்குப் போட்டால், போவதற்கே 1.02 மீட்டர், திரும்ப வர வேண்டிய தூரம் ஒன்றுமில்லை. எந்த வழியில் போனாலும் அதே தூரம்தான். ஒரே நேரத்தில் கிளம்பிய ஒலியெல்லாம் ஒரே நேரத்தில் வரிசையாக வெளியே வருகிறது. அலைகள் ஒன்றையொன்று குலைத்துக்கொள்ளாமல் கைகோத்துப் போவதற்கு அந்த வரிசைதான் காரணம். எதிர்க் கிண்ணத்தில் இதே கதை தலைகீழாக நடக்கிறது.

அப்புறம் அவர் வழக்கமான குரலில் பேசிப் பார்த்தார். நல்ல கனத்த குரல் அவருக்கு. என் காதுக்கு வந்ததோ யாரோ பள்ளிப் பையன் போனில் பேசுவது போல ஒல்லியான குரல். "நான் பேசுறது கேட்குதா?" என்று உரக்கக் கேட்டேன். வீட்டில் எதற்கும் அவர் தரும் பதில் "ம்ம்"தான். அங்கேயும் அதையே சொல்லியிருக்கிறார். எனக்கு ஒன்றும் வரவில்லை.

இதுதான் எனக்கு அன்றைக்குக் கிடைத்த பெரிய விருந்து. ஆண் குரலின் அடித்தளம் விநாடிக்கு 110 அதிர்வு போல இருக்கும். காற்றில் ஒலி விநாடிக்கு 340 மீட்டர் சொச்சம் போகிறது. வகுத்தால் ஓர் அலையின் நீளம் 3 மீட்டருக்கு மேல். இரண்டு மீட்டர் கிண்ணத்தை அந்த அலை மதிப்பதே இல்லை, சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. வாயை மூடிச் சொல்லும் "ம்ம்" பெரும்பாலும் இந்த நீள அலைதான். கிசுகிசுக்கும்போது குரல்வளை அதிர்வதில்லை, காற்று உரசும் சத்தம் மட்டுமே. விநாடிக்கு ஆயிரக்கணக்கான அதிர்வு, அலை நீளம் பத்துப் பதினைந்து செ.மீ. கிண்ணம் அதைப் போல பதிமூன்றிலிருந்து இருபது மடங்கு அகலம். கச்சிதமாகப் பிடித்துவிடும். கனத்த குரலை விட ரகசியம் நன்றாகப் போய்ச் சேர்வதற்கு இதுவே காரணம். ஆக, டிஷ் எவ்வளவு பெரிசு என்பதை விட, அலையைப் போல எத்தனை மடங்கு பெரிசு என்பதுதான் கேள்வி.

(ரகசியம் மறுபக்கம் கேட்கும் பீஜப்பூர் கோல்கும்பஸ் மண்டபத்தை இதோடு சேர்க்க வேண்டாம். அங்கே ஒலி வளைந்த சுவரை ஒட்டியே ஊர்ந்து போகிறது. அது வேறு கதை.)

"அப்போ நம்ம டிஷ்?" என்றார். வீட்டு டிஷ்ஷுக்கு வரும் அலை இரண்டரை செ.மீ. நீளம்தான். 80 செ.மீ. டிஷ் அதைப் போல முப்பது மடங்குக்கு மேல். அதனால் அந்தச் சின்னத் தட்டே போதும், 36,000 கி.மீ. உயரத்துச் செயற்கைக்கோளிலிருந்து சீரியல் வந்துவிடும். பதிலுக்கு அவர் எனக்குப் பாடம் எடுத்தார். டிஷ் ஏன் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்ப்பது போலக் குனிந்து நிற்கிறது என்று வாடிக்கையாளர்கள் எல்லாரும் கேட்பார்களாம். அது முழுக் கிண்ணம் இல்லை, பெரிய கிண்ணத்தின் ஓரத்தில் வெட்டிய துண்டு. அதனால் அது உண்மையில் பார்ப்பது, முகம் இருக்கும் திசைக்கு இருபது டிகிரிக்கும் மேலே. குவியத்தில் நின்று அலையை வாங்கும் எல்.என்.பி. என்ற கருவி நடுவில் நின்று அலையை மறைக்கக் கூடாது என்று குவியத்தை ஓரமாகத் தள்ளியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் குரங்குகள் எல்.என்.பி.யைத் தாங்கும் கம்பியைப் பிடித்து ஊஞ்சல் ஆடும். இரண்டு விரல் அகலம் வளைந்தால் போதும், படம் போய்விடும், இவருக்கு போன் வந்துவிடும்.

அடுத்த சுவரில் மீர்கேட் ரேடியோ தொலைநோக்கியின் படம் இருந்தது. வட கேப்பில் கார்னார்வன் ஊரிலிருந்து சுமார் 90 கி.மீ. தள்ளி, கரூ வறட்டு நிலத்தில் 64 டிஷ்கள். ஒவ்வொன்றும் 13.5 மீட்டர் அகலம். 2018 ஜூலையில் திறந்தார்கள். முதலில் போட்ட திட்டம் 20 டிஷ்ஷுக்குத்தான். அப்போது அதன் பெயர் வெறும் 'கேட்'. 64 ஆனதும், ஆஃப்ரிக்கான்ஸ் மொழியில் 'இன்னும் அதிகம்' என்று பொருள்படும் 'மீர்' அதன் முன்னால் ஒட்டிக்கொண்டது. நம் கீரியின் சொந்தக்கார விலங்கு ஒன்றுக்கும் அதே பெயர்.

அவர் படத்தில் மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டு, "இதுவும் ஓரமாத்தான் தள்ளியிருக்கு" என்றார். உண்மைதான், அதே தந்திரம்.

ஆனால் 13.5 மீட்டரும் வானத்துக்குப் பத்தாது. அண்டத்து ஹைட்ரஜன் அனுப்பும் அலை 21 செ.மீ. நீளம். மடங்குக் கணக்கில் 64தான் வருகிறது. அப்படி ஒரு டிஷ்ஷுக்குத் தெரியும் மிகச் சின்னப் புள்ளியே இரண்டு முழுநிலா அகலம். நுணுக்கம் வேண்டுமானால் அகலம் வேண்டும். அதற்காகத்தான் 64 டிஷ்ஷையும் 8 கி.மீ. வரை பரப்பிவைத்து, எல்லாம் சேர்ந்து ஒரே டிஷ் போல வேலை செய்ய வைக்கிறார்கள்.

எட்டு கி.மீ. கிண்ணத்துக்கு வளைவு எங்கே? தரை தட்டையாகத்தானே கிடக்கிறது? அங்கே வளைவின் வேலையைக் கடிகாரம் பார்க்கிறது. ஒரே அலை ஒரு டிஷ்ஷைக் கொஞ்சம் முன்னாலும் இன்னொன்றைக் கொஞ்சம் பின்னாலும் தொடும். மிஞ்சிப்போனால் விநாடியில் லட்சத்தில் மூன்று பங்குகூட வித்தியாசம் வராது. முன்னால் வந்ததை அந்த நேரம் வரை கணினி நிறுத்திவைத்து, பின்னால் வருவதோடு சேர்க்கிறது. நடைகூடத்துக் கிண்ணம் தன் உருவத்தால் செய்த 1.02 மீட்டர் கணக்கை இங்கே எண்களால் போடுகிறார்கள். அப்படித்தான் நம் பால்வீதியின் மையத்தைத் தெளிவாகப் படம் எடுத்தார்கள்.

திரும்பி லெனேசியாவுக்கு வண்டியை எடுத்தோம். "அங்கே டிஷ்ஷுக்கு ஆள் எடுப்பாங்களா?" என்றார். எடுத்தாலும் போனை அணைத்துவிட்டுத்தான் போகணும், ஒரு செல்போன் அலையே அவர்களுக்கு அந்த நடைகூடத்துப் பிள்ளைகளின் கூச்சல் மாதிரி, அதற்காக 2007இல் தனிச் சட்டமே போட்டிருக்கிறார்கள் என்றேன். நாள் முழுக்க வாடிக்கையாளர் போன் வராத வேலை, யோசித்துப் பாருங்கள் என்றும் சொன்னேன்.

"ம்ம்" என்றார். பக்கத்து சீட்டில் இருந்ததால் கேட்டது.