ஜெர்மனில் ‘பிடிக்கும்’ என்ற வினையைத் தேடாதீர்கள்

‘மைன் ஹொபி இஸ்ட் லேஸென்’. என் பொழுதுபோக்கு வாசிப்பு. ஜெர்மன் மொழியின் தொடக்க நிலையான ஏ1 வகுப்பில் எல்லோருக்கும் மனப்பாடமாகிவிடும் வாக்கியம் இது. பிழையில்லை. ஆனால் ‘என்ன வாசிப்பீர்கள், எப்போது?’ என்று அடுத்த கேள்வி வந்ததும் பலருக்கு வாயடைத்துப்போகிறது. ‘நான் வாசிக்கிறேன்’ என்று சொல்லிப் பழகவே இல்லையே!

ஜெர்மானியர்கள் சாதாரணமாகச் சொல்வது ‘இஹ் லேஸெ கெர்ன்’, அதாவது ‘நான் விரும்பி வாசிக்கிறேன்’. செய்யும் வேலையை வினையாகச் சொல்லி, பின்னால் ‘கெர்ன்’ சேர்த்தால் போதும். சமைப்பது பிடிக்குமா? ‘இஹ் கொஹெ கெர்ன்’. பிடிக்காதா? ‘இஹ் கொஹெ நிஹ்ட் கெர்ன்’. கெர்ன் வினைச்சொல் அல்ல. ‘விரும்பி’ என்பதுபோல ஒரு வினையடை. அதனால் ‘இஹ் கெர்ன் முஸீக்’ என்றால் வாக்கியத்தில் வினையே இராது. இசை, சினிமா என்று பெயர்ச்சொல் மட்டும் இருந்தால் ‘இஹ் மாக் முஸீக்’.

தமிழில் வினை கடைசியில் வரும். அதே பழக்கத்தில் ‘இஹ் கெர்ன் கிரிக்கெட் ஷ்பீலெ’ என்று வந்துவிடுகிறது. சரியான வரிசை: ‘இஹ் ஷ்பீலெ கெர்ன் கிரிக்கெட்’. வினைக்கு இரண்டாம் இடம்தான். ‘வார இறுதியில்’ என்று தொடங்கினாலும் அந்த இடம் மாறாது, ‘நான்’தான் பின்னால் போகும்: ‘அம் வொஹெனெண்டெ கேயெ இஹ் ஷ்விம்மென்’ (வார இறுதியில் நீந்தப் போகிறேன்).

இன்னொரு குழப்பம் ‘வாசி’. நமக்குப் புத்தகமும் வாசிப்புதான், வீணையும் வாசிப்புதான். ஜெர்மனில் புத்தகத்துக்கு லேஸென். வாத்தியத்துக்கோ விளையாட்டுக்குரிய ஷ்பீலென். ‘இஹ் ஷ்பீலெ கிட்டாரெ’ என்பதில் கிட்டாருக்கு முன்னால், ஆங்கில ‘தி’ போன்ற ‘டீ’ போடத் தேவையில்லை. அது ஆங்கிலத்திலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம்.

டிவி பார்ப்பதுதான் பொழுதுபோக்கு என்றால் கொஞ்சம் கவனம். ‘ஃபெர்ன்ஸேயென்’ இரண்டாகப் பிரியும்: ‘இஹ் ஸேயெ கெர்ன் ஃபெர்ன்’. கடைசியில் வரும் அந்த ‘ஃபெர்ன்’ விட்டுப்போனால் வாக்கியம் அந்தரத்தில் நிற்கும். எதிரில் இருப்பவரை ‘டூ’ (நீ) என்று கேட்கும்போது சில வினைகளில் உயிரெழுத்தும் மாறும்: இஹ் லேஸெ, ஆனால் டூ லீஸ்ட், இஹ் ஸேயெ, ஆனால் டூ ஸீஸ்ட். ‘ஸீ’ (நீங்கள்) என்று மரியாதையாகக் கேட்டால் இந்தத் தொல்லை இல்லை: ‘லேஸென் ஸீ கெர்ன்?’

கோத்தே நிறுவனம் நடத்தும் ஏ1 பேச்சுத் தேர்வின் முதல் பகுதியில் தரும் 7 குறிப்புச் சொற்களில் கடைசி ‘ஹொபி’. அங்கே ஒரு வாக்கியத்தோடு நிறுத்தாமல், எப்போது, யாரோடு என்று இன்னொன்றும் சொல்லுங்கள்: ‘அம் ஸொன்டாக் ஷ்பீலெ இஹ் மிட் ஃப்ராய்ண்டென் கிரிக்கெட்’ (ஞாயிறன்று நண்பர்களோடு கிரிக்கெட் ஆடுகிறேன்). எழுத்துத் தேர்வில் சுமார் 30 சொற்களில் ஒரு மடல் எழுதச் சொல்வார்கள். அதில் ஹொபியைப் பன்மையில் எழுத நேர்ந்தால், ஒய் எழுத்தை அப்படியே விட்டு எஸ் மட்டும் சேர்க்க வேண்டும். ஆங்கிலத்தில்போல ஐ, ஈ, எஸ் என்று மாற்றினால் பிழை.