மாடித் தோட்டத்துக்கு ஆடியில்தான் புத்தாண்டு

“செடி நல்லாத்தான் வளருது, காய்தான் பிடிக்கல” என்பவர்களிடம் விதைத்த மாதத்தைக் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். பந்தல் அவரையையே எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டு ரகங்கள் பகல் பொழுது குறுகினால்தான் பூக்கும். ஆடியில் ஊன்றினால் கார்த்திகை, மார்கழியில் கொத்துக் கொத்தாகப் பூ வரும். தையில் ஊன்றினால் கொடி மட்டும் பந்தல் ஏறும். எவ்வளவு பஞ்சகவ்யம் தெளித்தாலும் மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டியதுதான். அவசரக்காரர்களுக்குச் செடி அவரை இருக்கிறது.

ஹைக்கூவில் பருவம் தெரிய வேண்டும் என்பது ஜப்பானிய மரபு. தோட்டக் குறிப்பேட்டுக்கும் அது நல்ல விதி: மாதம், கண்ணில் பட்டது, அவ்வளவு போதும். மூன்று வரிக்கு மேல் எழுத யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. இங்கே சொல்லும் மாதக் கணக்கு சென்னை, அதையொட்டிய கடலோரப் பகுதிகளுக்கு. மேற்கு, தெற்கு மாவட்டங்களில் சில வாரங்கள் முன்பின் ஆகும்.

ஆடிக் காற்று
விதைத்த கீரை முளைக்கிறது
பக்கத்து வீட்டுத் தொட்டியில்

கீரை விதையை நான்கைந்து மடங்கு மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லியதாக மண்புழு உரம் போட்டு, பூவாளியால் நீர் தெளியுங்கள். குழாய் வைத்துப் பீய்ச்சினால் விதையெல்லாம் ஒரு மூலைக்குப் போய்விடும். செடி வளர்க்கும் பைக்குக் கலவை: செம்மண், தென்னை நார்க்கழிவு, மட்கிய எரு, மூன்றும் சம அளவு. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, பழுப்புத் தண்ணீரை இரண்டு மூன்று முறை வடித்துவிட வேண்டும். அதிலுள்ள உப்பு நாற்றின் இலை நுனியைக் கருக்கும்.

வெறும் செம்மண் வேண்டவே வேண்டாம். ஆட்கள் நடமாடும் மொட்டைமாடிக்கு வழக்கமாகக் கணக்கிடும் பாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. ஈரச் செம்மண்ணை ஓரடி ஆழத்துக்கு நிரப்பினால் எடை அதைப்போல மூன்று மடங்கு ஆகிவிடும். கனமான பைகளை உத்தரம் ஓடும் இடங்களின் மேலே வையுங்கள், நடுத்தளத்தில் குவிக்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகையில்தான் அதிகச் செடிகள் சாகின்றன. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையில் கொட்டிவிடுகிறது. மழைக்கு முன்பே ஒவ்வொரு பையையும் இரண்டு செங்கல் மேல் ஏற்றி, அடியிலுள்ள துளைகளில் ஒரு திருப்புளியை விட்டுப் பாருங்கள். பல பைகளில் வேர் வந்து அடைத்திருக்கும். மண்ணில் நீர் நின்றால் வேருக்குக் காற்றில்லை. செடி தண்ணீரில் நின்றபடியே வாடும். வாடுகிறதே என்று மேலும் தண்ணீர் ஊற்றிக் கொல்பவர்களும் உண்டு. விரலை இரண்டங்குலம் விட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நாற்று தரையோடு சாய்ந்தால் அது நாற்றழுகல். நெருக்கமாக விதைப்பதும் ஓயாத ஈரமுமே காரணம். விதைக்கும் முன், நோய்ப் பூஞ்சைகளை அடக்கும் நன்மைப் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி தூளை விதை கிலோவுக்கு 4 கிராம் கலப்பது பரிந்துரை. வீட்டு அளவுக்கு ஒரு சிட்டிகையை ஆறிய கஞ்சித் தண்ணீரில் குழைத்து விதையில் பூசினால் போதும். மழை அடித்து ஓய்ந்தபின் அடியிலைகள் வெளிறினால் நோய் என்று பதற வேண்டாம். தழைச்சத்து நீரோடு வடிந்துபோயிருக்கும். மண் சற்றுக் காய்ந்ததும் பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் கொடுங்கள்.

அடைமழை ஓய்ந்தது
தொட்டித் தட்டில் துண்டு வானம்
அதில் நெளியும் புழுக்கள்

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரைக் கவிழ்ப்பதோடு நிறுத்திவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தட்டின் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்த நிலையிலும் பல மாதம் பிழைக்கும். வாரம் ஒருமுறை பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். மழைக்காலத்தில் தட்டே தேவையில்லை, எடுத்துவிடுங்கள்.

தக்காளி நாற்றை மழை தணிந்த கார்த்திகைக் கடைசியில் நட்டால் தை, மாசியில் பழம். பங்குனியில் நட்டால் இரவு வெப்பம் தாங்காமல் பூ உதிரும். கத்தரி, வெண்டை, கொத்தவரைதான் கோடைக்கு.

விளக்கு வைக்கும் நேரம்
பந்தலிலும் ஒவ்வொன்றாய்
சுரைப்பூ

சுரை, பீர்க்கு, புடலை மூன்றும் மாலையில் மலர்பவை. காலையில் தூரிகையோடு போனால் நேரம் கடந்திருக்கும். பாகலும் பூசணியும் விடியலில் மலரும். அடியில் பிஞ்சு இருப்பது பெண்பூ. ஆண்பூவைப் பறித்து இதழ் நீக்கி, பெண்பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். பிஞ்சு மஞ்சளாகி விழுவதற்குப் பெரும்பாலும் மகரந்தம் சேராததே காரணம்.

தைக்குப் பிறகு மிளகாயில் இலைச்சுருட்டல் வரும். எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள். மேல்நோக்கிப் படகாக மடங்கினால் இலைப்பேன்: லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு காதி சோப்புக் கரைசல், மாலையில் தெளிக்கலாம். கீழ்நோக்கிச் சுருண்டு காம்பு நீண்டால் மஞ்சள் சிலந்தி (சாறு உறிஞ்சும் நுண்ணிய சிலந்திப்பேன்): நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். எண்ணெய் தெளித்து இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடித்தால் இலை கருகும். கடும் வெயிலிலும் அப்படித்தான்.

அக்னி நட்சத்திரம்
பச்சை வலையின் நிழலில்
பூனையும் கத்தரியும்

50 விழுக்காட்டு நிழல்வலை, விடியலில் நீர், மண்மேல் சருகு மூடாக்கு. இதற்குமேல் கோடையில் செடிக்குச் செய்ய அதிகமில்லை. மண்ணுக்குச் செய்ய உண்டு. வேர்முடிச்சு (நூற்புழுவால் வேரில் வரும் வீக்கம்) கண்ட பைகளின் மண்ணைத் தரையில் அரையடிக்கு மிகாமல் பரப்பி, நனைத்து, பாலிதீன் விரிப்பால் மூடி, ஓரங்களில் மணல் இட்டு அழுத்துங்கள். விரிப்பு நிறமற்றதாக இருக்கட்டும், கறுப்பில் மண் அவ்வளவு சூடேறாது. நான்கு முதல் ஆறு வாரம். வெப்பத்தில் நல்ல நுண்ணுயிர்களும் குறைந்துவிடும் என்பதால், விரிப்பை எடுத்தபின் எருவும் டிரைக்கோடெர்மாவும் கலந்து, பத்து நாள் ஈரம் காயாமல் வைத்திருந்து, பிறகே பையில் நிரப்புங்கள்.