ஸ்கேனுக்குப் பயம், சூட்டுக்குப் பயமில்லை

கர்ப்பிணிகளோடு வருகிற அம்மாவோ மாமியாரோ என்னிடம் அடிக்கடி கேட்பது, "ஏன் டாக்டரம்மா, இத்தனை தடவை ஸ்கேன் எடுத்தா புள்ளைக்கு ஆகாதாமே?" என்பதுதான். அதே வீட்டில் யாராவது முகச் சதையை இறுக்குகிறோம் என்ற விளம்பரத்தைப் பார்த்து அழகு நிலையத்தில் 'ஹைஃபு' (ஒலியை ஒரே இடத்தில் குவித்துச் சூடேற்றும் சிகிச்சை) செய்துகொண்டு வந்திருப்பார்கள், அங்கே ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டார்கள். இரண்டுமே அல்ட்ராசவுண்ட்தான். இரண்டாவதுதான் சுடும்.

முதலில் ஸ்கேன். இதில் எக்ஸ்ரே, சி.டி. போலக் கதிர்வீச்சு கிடையாது, வெறும் ஒலிதான். 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் போனால் நம் காதுக்குக் கேட்காது, வயிற்றைப் பார்க்க நாங்கள் பயன்படுத்துவது 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ். வயிற்றில் வைக்கிற ப்ரோபுக்குள் இருக்கும் படிகங்கள் மின்சாரம் பட்டதும் அதிர்ந்து ஒலியை அனுப்பும், திரும்பி வரும் எதிரொலியை மறுபடி மின்சாரமாக மாற்றும். உடம்புக்குள் ஒலி விநாடிக்குச் சுமார் 1540 மீட்டர் போகும் என்பதால், எவ்வளவு நேரத்தில் திரும்பியது என்பதை வைத்து ஆழத்தைக் கணக்கிட்டுவிடலாம். அந்தச் சில்லென்ற ஜெல் எதற்கு என்றால், தோலுக்கும் ப்ரோபுக்கும் நடுவில் துளி காற்று இருந்தாலும் ஒலி உள்ளே போகாமல் அப்படியே திரும்பிவிடும். சாதாரணப் படம் எடுக்கும்போது ப்ரோப் ஒலி அனுப்பும் நேரம் மிகக் கொஞ்சம், மீதி நேரமெல்லாம் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

அதற்காக இஷ்டத்துக்கு எடுக்கலாம் என்று சொல்லவில்லை. திரையின் ஓரத்தில் டி.ஐ., எம்.ஐ. என்று இரண்டு எண்கள் ஓடும், திசு எவ்வளவு சூடாகலாம், ஒலியழுத்தம் எந்த அளவில் இருக்கிறது என்பதை அவை காட்டும். ஆறேழு வாரக் கருவுக்கு "இதயத்துடிப்பைக் கேட்க வைங்க" என்று கேட்பார்கள், ஆசை புரிகிறது, ஆனால் அந்தச் சத்தத்தை வரவழைக்க டாப்ளர் என்ற, அசைவை அளக்கும் முறையைப் போட வேண்டும், அது ஒரே இடத்தில் சக்தியைக் குவிப்பதால் அந்த வாரங்களில் தேவையில்லாமல் நாங்கள் போடுவதில்லை. எம்-மோடு என்ற வேறு முறையில் அசைவைக் கோடாக வரைந்து துடிப்பை எண்ணிச் சொல்லிவிடுவோம். பயந்துகொண்டு 18 முதல் 20 வாரத்தில் எடுக்க வேண்டிய ஸ்கேனையே தள்ளிப்போடுவதுதான் இதைவிடப் பெரிய ஆபத்து. குழந்தைக்குப் பெரிய குறை ஏதாவது இருந்து 24 வாரமும் தாண்டிப் போனால், கருக்கலைப்பு பற்றி முடிவெடுக்க மருத்துவ வாரியம் வரை போக வேண்டியிருக்கும்.

சரி, சுடுகிற கதைக்கு வருவோம். வெயிலில் பூதக்கண்ணாடியைப் பிடித்துக் காகிதத்தைப் பொசுக்கியிருப்பீர்கள், அதேதான். பல திசையிலிருந்து வருகிற ஒலியைச் சில மில்லிமீட்டர் இடத்தில் குவித்தால், அங்கே மட்டும் 60 டிகிரிக்கு மேல் சூடேறித் திசு சில விநாடிகளில் செத்துவிடும், வழியில் இருக்கிற தோலுக்கு ஒன்றும் ஆகாது. அமெரிக்காவில் கர்ப்பப்பை நார்க்கட்டிக்கு 2004லும், மருந்துக்கு அடங்காத கை நடுக்கத்துக்கு 2016லும் இந்தச் சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. நடுக்கத்துக்குச் செய்யும்போது தலையை மழித்து, 1024 ஒலிமூலங்கள் பதித்த ஒரு கவசத்துக்குள் வைத்து, எம்.ஆர்.ஐ.யில் வெப்பத்தை விடாமல் பார்த்துக்கொண்டே செய்வார்கள். நோயாளி விழித்துத்தான் இருப்பார். நடுநடுவே ஒரு சுருள் வளையம் வரையச் சொல்வார்கள், கோடு கோணல்மாணலாகப் போனது கொஞ்சம் கொஞ்சமாக நேராவதை அந்தத் தாளிலேயே பார்க்கலாம்.

எல்லாருக்கும் இது ஒத்துவராது. மண்டையோடு ஒலியைச் சரியாகக் கடத்தாதவர்கள் இருக்கிறார்கள். நார்க்கட்டிக்கு முன்னால் குடல் வந்து படுத்திருந்தால் அது வெந்துபோகக்கூடும். சிசேரியன் தழும்பு வழியாக ஒலி போனால் அந்த இடத்துத் தோல் சுட்டுவிடலாம் என்பதால் பாதையை மாற்றியாக வேண்டும். 'கத்தியில்லாத சிகிச்சை' என்றதும் தலையாட்டாமல், "என் கட்டிக்கு இது பொருந்துமா, ஏன்?" என்று கேளுங்கள்.

இவ்வளவு ஜாக்கிரதையாகச் செய்கிற அதே காரியத்தை, அழகு நிலையத்தில் பல சமயம் உள்ளே என்ன இருக்கிறதென்று காட்டும் திரையே இல்லாத கருவியில் செய்கிறார்கள். 1.5, 3, 4.5 மில்லிமீட்டர் ஆழம் என்று கருவியின் முனையை மாற்றி மாற்றிச் சுடுவார்கள். எல்லார் கன்னமும் ஒரே தடிமனா என்ன? நெற்றிப்பொட்டிலும் தாடை ஓரத்திலும் முக நரம்பின் கிளைகள் தோலுக்கு அவ்வளவு ஆழமில்லாமல் ஓடுகின்றன. தீக்காயம், நரம்புப் பலவீனம், கொழுப்பு கரைந்து கன்னத்தில் குழி விழுவது என எல்லாமே இந்தக் கருவிகளால் ஏற்படுவதாகத் தெரிந்த விளைவுகள்தான். கட்டாயம் செய்துகொள்ள வேண்டும் என்றால் பதிவு பெற்ற தோல் மருத்துவரிடம் போங்கள். செய்யும்போது சுரீரென்று வலித்தால் "அப்படித்தான் இருக்கும்" என்று சொல்பவரை நம்பாமல் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அப்புறம், சிரிக்கும்போது உதடு ஒரு பக்கம் இழுக்கிறது, புருவம் தூக்க முடியவில்லை என்றால் மறுபடி அந்த நிலையத்துக்குப் போய் நிற்காமல், அன்றைக்கே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.