கடமை நேரம் மாறும் வீட்டில் பாட அட்டவணை

திருகோணமலையில் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கற்பிக்கும் பெற்றோர் என்னைச் சந்திக்க வரும்போது, பெரும்பாலும் ஓர் அட்டவணையையும் கொண்டுவருவார்கள். காலை 7.50 முதல் பிற்பகல் 1.30 வரை, நாற்பது நிமிடங்களாக எட்டுப் பாடவேளைகள், நடுவே ஓர் இடைவேளை என்று பாடசாலையின் நேரசூசியை அப்படியே பெயர்த்து எழுதியிருப்பார்கள். அது ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை என்றும், தங்களிடம் ஒழுங்கு போதாது என்றும் சொல்லி வருந்துவார்கள். ஆரம்பப்பிரிவு ஆசிரியையாகப் பல ஆண்டுகள் பணியாற்றியபின் இப்போது வீட்டுக்கல்வி ஆலோசனை வழங்கிவரும் எனக்கு, குறை அந்தப் பெற்றோரிடம் இருப்பதாக ஒருபோதும் தோன்றியதில்லை. பெற்றோர் இருவரும் உழைக்கும் ஒரு வீட்டின் நாளைப் பார்த்து அந்த அட்டவணை எழுதப்படவில்லை என்பதே பிரச்சினை.

உவர்மலையில் நான் சென்று பார்த்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். தாய் அரசாங்க வைத்தியசாலையொன்றில் தாதி உத்தியோகத்தர். தந்தை நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச்செல்லும் படகு ஓட்டுபவர். பதினொரு வயதில் மகளும் ஏழு வயதில் மகனும் இருந்தார்கள். அம்மம்மாவும் உடன் இருந்தார். சமையலறைக் கதவில் ஒட்டியிருந்த அட்டவணையில், முடிந்த பாடங்களுக்குப் பச்சையும் முடியாதவற்றுக்குச் சிவப்பும் தீட்டியிருந்தார்கள். மகள் என்னை அங்கே அழைத்துச் சென்று, சிவப்புக் கட்டங்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பதினேழு வரை எண்ணிவிட்டு, “இதெல்லாம் முடிச்சாத்தானே ரீச்சர் புதுசு தொடங்கலாம்?” என்று கேட்டாள். புதிய பாடம் ஒன்றைத் தொடங்கவே அந்தப் பிள்ளை அஞ்சிக்கொண்டிருந்தாள். அந்தத் தாளை அன்றே கதவிலிருந்து எடுத்துவிடும்படி தாயிடம் கேட்டுக்கொண்டேன்.

அடுத்த இரண்டு வாரங்களுக்குத் திட்டம் எதுவும் வேண்டாம் என்றும், நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் ஒவ்வொரு நாளும் உண்மையில் என்ன நடந்தது என்பதை மட்டும் குறித்துவரும்படியும் சொன்னேன். யார் எத்தனை மணிக்கு வீட்டில் இருந்தார், யார் உறங்கினார், பிள்ளைகள் எந்நேரத்தில் தாமாகவே புத்தகத்தை எடுத்தார்கள் என்பவை அந்தக் குறிப்பில் இருந்தால் போதும். பலர் பொறுமையிழந்து தவிர்க்கும் படி இதுதான். ஆயினும் இது இல்லாமல் எழுதப்படும் எந்தத் திட்டமும் ஊகமாகவே இருக்கும்.

குறிப்புகள் தெளிவாகப் பேசின. தாயின் கடமை காலை 7 முதல் 1 வரை, பிற்பகல் 1 முதல் 7 வரை, இரவு 7 முதல் மறுநாள் காலை 7 வரை என மாறிமாறி வந்தது. அப்படியானால் ‘திங்கட்கிழமைக் காலை கணிதம்’ என்ற வரிக்கு அந்த வீட்டில் பொருளே இல்லை. ஒரு திங்களன்று தாய் விடுதியில் நோயாளருடன் இருப்பார், அடுத்த திங்களன்று இரவுக் கடமை முடித்து உறங்கிக்கொண்டிருப்பார். ஆகவே கிழமையின் பெயரை விட்டுவிட்டு, கடமையின் வகைப்படி நான்கு நாள்களை எழுதினோம். பிற்பகல் கடமையுள்ள நாளில் காலை முழுவதும் தாய் வீட்டில் இருப்பதால், கணிதத்தின் புதிய பகுதியும் ஆங்கிலமும் அன்றே விளக்கப்படும். காலைக் கடமையுள்ள நாளில் பிள்ளைகள் முன்பே விளங்கியவற்றில் பயிற்சி செய்வார்கள். மாலையில் தாய் அதைத் திருத்துவார். இரவுக் கடமை முடிந்து வரும் நாளில் வாசிப்பும் அம்மம்மாவுடன் செய்யக்கூடிய வேலையும் மட்டுமே. ஓய்வு நாளில் விஞ்ஞானச் செய்முறை, நூலகம், கடற்கரை என நீண்ட நேரம் வேண்டுபவை. கடமை அட்டவணை கைக்குக் கிடைக்கும் அன்று, நாட்காட்டியில் ஒவ்வொரு தேதிக்கும் அந்நாளின் வகையைக் காட்டும் ஓர் எழுத்தைக் குறித்தால் அந்த மாதத்தின் திட்டம் முடிந்துவிடுகிறது. மீன்பிடித் தொழில், கடை, பாதுகாப்புப் பணி என்று நேரம் மாறும் தொழில் எதுவானாலும் இந்த வழி பொருந்துவதைக் கண்டிருக்கிறேன்.

நேரத்தின் அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளை இணையத்திலிருந்து தமிழிலேயே பெறலாம். ஒவ்வொரு தேர்ச்சி மட்டத்துக்கும், அதாவது பிள்ளை அடைய வேண்டிய ஒவ்வொரு கற்றல் படிக்கும், எத்தனை பாடவேளைகள் தேவை என்று அவற்றில் குறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணைப் பார்த்துப் பெற்றோர் மலைத்துப்போகிறார்கள். ஆனால் அது வகுப்பறைக்கான கணக்கு. முப்பது, நாற்பது பிள்ளைகள் அமைதியாகி, கொப்பியை எடுத்து, கரும்பலகையைப் பார்த்து எழுதி, திருத்தம் பெறும் நேரமும் அதில் அடங்கியிருக்கிறது. பிள்ளையின் அருகில் அமர்ந்து கற்பிக்கும்போது, ஆரம்ப வகுப்புகளில் ஒரு பாடவேளையின் வேலை பெரும்பாலும் இருபது நிமிடங்களில் முடிந்துவிடுவதே என் அனுபவம். அந்த எண்ணிக்கையை, எந்தப் பகுதிக்கு அதிக நேரம் வேண்டும், எதற்குக் குறைவாகப் போதும் என்று ஒப்பிட்டறிவதற்கே பயன்படுத்துங்கள்.

தவறிய பாடங்களையெல்லாம் அடுத்த நாளின் தலையில் ஏற்றுவதுதான் நான் காணும் மிகப் பெரிய தவறு. ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டப்படும் பாடங்களை மட்டும் வரிசை தவறாமல் காக்க வேண்டும். பின்னம் விளங்காத பிள்ளைக்குத் தசமமும் சதவீதமும் விகிதமும் விளங்கப்போவதில்லை. ஆகவே அங்கே விடுபட்டதை நிரப்பியே ஆக வேண்டும். வரலாற்றிலோ சுற்றாடலிலோ ஓர் அலகு பின்தள்ளப்பட்டால் பெரும்பாலும் எதுவும் குலைந்துவிடாது. அந்த மகளின் பதினேழு கட்டங்களை இப்படிப் பிரித்துப் பார்த்தபோது, உண்மையில் மீளச் செய்ய வேண்டியவை ஐந்தாகவே இருந்தன. அவை ஐந்தும் பின்னங்களே. அம்மம்மா சுட்ட ரொட்டியை எட்டாக வெட்டி, தம்பிக்குக் காற்பங்கு கொடுக்க எத்தனை துண்டு வேண்டும் என்று பார்ப்பதிலிருந்து அவற்றைத் தொடங்கினோம்.

ஆண்டையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரை சுற்றுலாக் காலம். தந்தை விடியலில் போய் மாலையில்தான் திரும்புவார். அக்காலத்தில் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றின் வெக்கையில் பிற்பகல் இரண்டு மணிக்கு எந்தப் பிள்ளையையும் கணிதத்தில் உட்கார வைப்பது வீண்முயற்சி. வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று தொடங்கிக் கடல் குழம்பும் நவம்பர் முதல் சனவரி வரையில் அதே தந்தை வீட்டில் இருக்கிறார். பாடத்திட்டத்தின் கனமான பகுதிகளை அங்கே நகர்த்தினோம். அவர் கற்பிக்கத் தயங்கினார். ஆனால் எரிபொருள் கணக்கு, காற்றின் திசை, புறாத்தீவின் முருகைக்கற்கள் (பவளப்பாறைகள்) ஆகியவற்றைப் பற்றி அவர் பேசியதை மகள் மூன்று பக்கங்களுக்கு எழுதியிருந்தாள். அந்தக் கட்டுரையை வாசித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

மூத்த பிள்ளையை இளையவருக்கு ஆசிரியராக்கிவிடும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து தவிருங்கள். அக்கா தம்பிக்கு ஒரு கதை வாசித்துக் காட்டுவது நல்லது. அவன் படிப்புக்கு அவளே பொறுப்பு என்றாகிவிட்டால், அவளுடைய நேரமும் பிள்ளைப்பருவமும் சத்தமின்றிக் கரைந்துவிடும். பெரியவர்களை இதைவிடத் தாராளமாகப் பயன்படுத்தலாம். புதிய கணிதம் தெரியாத அம்மம்மாவுக்கும் பிள்ளை உரத்து வாசிப்பதைக் கேட்கவும், “பிறகு என்ன நடந்தது?” என்று கேட்கவும் தெரியும்.

இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயமாகும். ஆகவே வீட்டில் கற்பிக்க எண்ணுபவர்கள் வலயக் கல்வி அலுவலகத்தில் முதலிலேயே பேசி, தாங்கள் கற்பிப்பவற்றைத் தேதியிட்டுப் பதிந்துவைப்பது அவசியம். திட்டத்தை எவ்வளவு இலகுவாக்கினாலும் ஒரு பிள்ளை வாசிப்பில் தொடர்ந்து தடுமாறினால், அட்டவணையை மீண்டும் மீண்டும் மாற்றிக்கொண்டிருக்காமல், கண்பார்வையையும் வாசிப்புத் திறனையும் உரியவர்களிடம் பரிசோதியுங்கள்.

சென்ற மாதம் அந்த வீட்டுக்கு மறுபடியும் போனேன். சமையலறைக் கதவில் இப்போது நாட்காட்டி மட்டும் தொங்குகிறது. ஒவ்வொரு தேதியின் மூலையிலும் கா, பி, இ, ஓ என்று மகளின் கையெழுத்தில் ஓர் எழுத்து இருக்கிறது. அன்றைய கட்டத்தில் ‘இ’ இருந்தது. தாய் உள்ளே உறங்கிக்கொண்டிருந்தார், மகன் அம்மம்மாவின் அருகில் அமர்ந்து தாழ்ந்த குரலில் வாசித்துக்கொண்டிருந்தான்.