ஆட்டோ டெபிட்டை நிறுத்தினால் பில் நிற்காது

போன வாரம் ஒருவர் வக்கீல் நோட்டீஸும் கையுமாக வங்கிக்கு வந்தார். ஒரு வருடத்துக்கு முன்னால் வீடு மாறியவர். பழைய வீட்டு இன்டர்நெட்டுக்கு மாதாமாதம் பணம் போகிறதே என்று எங்களிடம் வந்து, கணக்கிலிருந்து தானாகப் பணம் போகும் ஆட்டோ டெபிட்டை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினோம். "அன்றைக்கே முடிந்துபோன விஷயம் சார், இப்போது எந்த பாக்கியைக் கேட்கிறார்கள்?" என்று மேஜையைத் தட்டினார். இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள்.

மேண்டேட் என்பது உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுத்துக்கொள்ள நிறுவனத்துக்கு நீங்கள் கொடுக்கும் அனுமதி. அவ்வளவுதான். இணைப்புக்காகப் போட்ட ஒப்பந்தம் வேறு. அது உங்களுக்கும் நிறுவனத்துக்கும் நடுவில் இருப்பது. வங்கி அதில் கையெழுத்துப் போடவில்லை. எங்களிடம் சொன்னால் பணம் போவது நிற்கும், பில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். இணைப்பு வேண்டாம் என்று நிறுவனத்துக்கு எழுதிக் கொடுங்கள். துண்டித்துவிட்டோம் என்று பதில் வாங்குங்கள். கடைசி பில்லைக் கட்டுங்கள். அப்புறம் வங்கிக்கு வாருங்கள். இதற்கு நேரெதிரானவர்களும் உண்டு: நிறுவனத்திடம் மட்டும் சொல்லிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள், மேண்டேட் அப்படியே கிடக்கும், பணம் போய்க்கொண்டிருக்கும். இரண்டு இடத்திலும் சொல்ல வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

அதற்காக ஆட்டோ டெபிட்டே ஆகாது என்று சொல்ல வரவில்லை. என் வீட்டு மின்சாரம், தண்ணீர், காப்பீடு எல்லாம் அதில்தான் போகின்றன. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாலும் பாலிசி காலாவதி ஆகாது. தப்பாக எடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கவும் பல நாடுகளில் நல்ல வழி இருக்கிறது. யூரோவில் பணம் செலுத்த ஐரோப்பிய நாடுகள் வைத்திருக்கும் பொது ஏற்பாடான செபா முறையில், பணம் போன 8 வாரத்துக்குள் கேட்டால் காரணம் சொல்லாமலே திரும்ப வாங்கலாம். அனுமதியே கொடுக்காத டெபிட் என்றால் 13 மாதம் வரை. பிரிட்டனில், தவறு நிறுவனத்தின் பக்கம் இருந்தாலும் வங்கி உடனே முழுத் தொகையையும் கொடுத்தாக வேண்டும். ஆனால் கார்டு எண்ணைக் கொடுத்துவிட்டு அதே பாதுகாப்பை எதிர்பார்க்காதீர்கள். அது தனி ஏற்பாடு, அதற்குத் தனி விதி.

பேலன்ஸ் இல்லாமல் டெபிட் திரும்பினால் வங்கி ஒரு கட்டணம் பிடிக்கும், நிறுவனம் ஒரு அபராதம் போடும். செக் திரும்பினால்தான் வழக்கு வரும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: இந்தியாவில் 2007ஆம் வருடப் பணப்பட்டுவாடா (Payment and Settlement Systems) சட்டத்தின் 25ஆம் பிரிவு, பணமில்லாமல் திரும்பும் மின்னணு டெபிட்டுக்கும் 2 வருடம் வரை சிறை விதிக்க இடம் தருகிறது. சம்பளம் வரும் நாளிலேயே டெபிட்டை வைப்பவர்களே, டெபிட் காலையில் ஓடிவிடும், சம்பளம் மத்தியானம் வரலாம். நாலு நாள் தள்ளி வையுங்கள்.

வயதான அம்மா ஒருவர் பாஸ்புக்கைக் காட்டி, "பூட்டின வீட்டுக்கு இவ்வளவா?" என்று கேட்டார். பில்லைக் கொண்டுவரச் சொன்னேன். மீட்டர் ரீடிங்குக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'மதிப்பீடு' என்றிருந்தது. குடியிருந்தவர்கள் காலி செய்த பிறகு மீட்டரை யாரும் பார்க்கவே இல்லை. பழைய அளவை வைத்தே பணம் போயிருக்கிறது. கையால் கட்டியிருந்தால் முதல் மாதமே உறுத்தியிருக்கும். தானாகப் போகிற பணத்தை யார் பார்க்கிறார்கள்?

பாருங்கள். மாதம் ஒரு தடவை, பத்து நிமிடம். மேண்டேட் படிவத்தில் அதிகபட்சத் தொகைக்கு ஒரு கட்டம், முடிவுத் தேதிக்கு ஒரு கட்டம் இருந்தால் நீங்களே நிரப்புங்கள். எதிரில் இருப்பவர் நிரப்பிக்கொள்ளட்டும் என்று வெறும் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பில்களுக்கென்று தனிக் கணக்கு வைத்தால் இன்னும் நல்லது. டெபிட்டுக்கு முன்னால் வரும் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று, கெஞ்சியே கேட்கிறேன். எந்த பில் யார் கணக்கிலிருந்து எந்தத் தேதியில் போகிறது என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் இன்னொருவரிடம் கொடுத்து வையுங்கள். கணக்கு வைத்திருந்தவர் இறந்துவிட்டார் என்று தெரிந்ததும் நாங்கள் கணக்கை முடக்கிவிடுவோம். அவர் பெயரில் இருந்த டெபிட் ஒவ்வொன்றாகத் திரும்பும். எதெது அவர் கணக்கிலிருந்து போனது என்று கரண்ட் போன பிறகு தேடிக்கொண்டிருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.