கை வராம போனா மூளை சும்மா இருக்குன்னு நினைக்காதீங்க

பக்கவாதம் வந்தவங்க வீட்டுல நான் திரும்பத் திரும்ப பாக்குற விஷயம் இது. பாதிச்ச கை மடியில கிடக்கும், சட்டை பட்டன், தண்ணி டம்ளர், போன் எல்லாத்தையும் நல்ல கை பாத்துக்கும், அதுவும் முடியலன்னா வீட்டுல யாராவது ஓடி வந்து செஞ்சு குடுத்துடுவாங்க. பாசத்துல செய்யறதுதான், யாரையும் குறை சொல்லல. ஆனா ஒரு பிசியோதெரபிஸ்டா எனக்கு அதைப் பாத்தா மனசு பதறுது, ஏன்னா அந்த நேரத்துலயும் மூளை கத்துக்கிட்டேதான் இருக்கு, அது கத்துக்கறது "இந்தக் கை இல்லாமலே சமாளிக்கலாம்"ங்கிறத.

நம்ம உடம்புக்கு மூளையில ஒரு மேப் இருக்கு. 1930கள்ல மான்ட்ரியல்ல வைல்டர் பென்ஃபீல்ட்ங்கிற சர்ஜன், ஆபரேஷன்ல முழிச்சிருந்த நோயாளிகளோட மூளையில லேசா கரண்ட் குடுத்து எந்த இடம் எந்த உறுப்புக்குன்னு குறிச்சாரு. கைக்கும் உதட்டுக்கும் பெரிய இடம், முதுகுக்கு கொஞ்சூண்டு. இந்த மேப் நிலையானது இல்ல, எதை அதிகமா பயன்படுத்துறோமோ அதுக்கேத்த மாதிரி மாறும்.

எட்வர்ட் டாப்னு ஒரு ஆராய்ச்சியாளர், குரங்கோட ஒரு கையில இருந்து மூளைக்கு உணர்ச்சியை கொண்டுபோற நரம்பை வெட்டினப்போ அது அந்தக் கையை பயன்படுத்தறதையே விட்டுடுச்சு, ஆனா நல்ல கையை கட்டிப் போட்டதும் அதே கையால எடுத்து சாப்பிட ஆரம்பிச்சுது!! அதாவது கைக்கு சக்தி இருந்தும் பயன்படுத்தாம இருக்க பழகிடுச்சு. இதுல இருந்து வந்ததுதான் நல்ல கைக்கு உறை போட்டுட்டு பாதிச்ச கைக்கு தினமும் பல மணி நேரம் பயிற்சி குடுக்கற முறை. 2006ல வெளிவந்த ஒரு பெரிய ஆய்வுல, ஸ்ட்ரோக் வந்து 3 முதல் 9 மாசம் ஆன 222 பேரை ரெண்டு குழுவா பிரிச்சு, ஒரு குழுவுக்கு 2 வாரம் இதை செஞ்சு பாத்தாங்க, வழக்கமான கவனிப்பு கிடைச்ச இன்னொரு குழுவை விட இவங்க கை நல்லாவே முன்னேறுச்சு, ஒரு வருஷம் கழிச்சும் அந்த முன்னேற்றம் நிலைச்சிருந்துச்சு.

ஆனா இது எல்லாருக்கும் ஒத்து வராது. மணிக்கட்டையும் விரலையும் கொஞ்சமாவது விரிக்க வரணும். ஸ்ட்ரோக் வந்த முதல் சில நாள்லயே வெறித்தனமா பயிற்சி குடுத்தா சீக்கிரம் சரியாகும்னு நினைக்கறதும் தப்பு, எப்போ எவ்வளவுன்னு டாக்டரும் தெரபிஸ்டும் சேர்ந்துதான் முடிவு பண்ணணும். பாதிச்ச கையை பிடிச்சு இழுத்து அவங்களை தூக்காதீங்க ப்ளீஸ், தோள்பட்டை இறங்கி வலி வந்துட்டா அப்புறம் பயிற்சியே செய்ய விடமாட்டாங்க. வீட்டுல செய்ய நான் முதல்ல சொல்றது, டேபிள்ல ஒரு துண்டை விரிச்சு பாதிச்ச கையை அது மேல வச்சு, அதைப் பாத்துக்கிட்டே முன்னாடி தள்ளி பின்னாடி இழுக்கறது. தோள் மேல ஏறுதான்னு பக்கத்துல இருக்கறவங்க கவனிங்க, ஏறினா அந்த தப்பான அசைவும் சேர்ந்து பழகிடும், தூரத்தை குறைச்சிடுங்க.

கை எடுத்தவங்களுக்கு இல்லாத கை வலிக்கிறதும் நிஜம். முஷ்டி இறுகி நகம் உள்ளங்கையில குத்துதுன்னு சொல்வாங்க, பொய்யும் இல்ல பைத்தியமும் இல்ல, கை போனாலும் மூளை மேப்ல அதோட இடம் முழுசா அழிஞ்சுடல. வி.எஸ். ராமச்சந்திரன்ங்கிற மூளை ஆராய்ச்சியாளர் 1990கள்ல கண்ணாடி வச்சு, இருக்கற கையோட பிம்பத்தை இல்லாத கை மாதிரி காட்டினப்போ சிலருக்கு அந்த முஷ்டி விரிஞ்சுது. எல்லாருக்கும் வேலை செய்யல, ஆனா மருந்தோட சேத்து முயற்சி பண்ணலாம்.

இன்னொரு பக்கமும் இருக்கு, அளவுக்கு மீறின பயிற்சி. வருஷக்கணக்கா ஒரே நுணுக்கமான அசைவை செய்யற இசைக்கலைஞர்கள் சிலருக்கு, வாத்தியத்தை எடுத்தா மட்டும் மோதிர விரலும் சுண்டு விரலும் தானா மடங்கிக்கும், மத்த வேலைக்கு அதே கை நல்லா இருக்கும். இதுக்கு டிஸ்டோனியான்னு பேரு. மூளை மேப்ல பக்கத்து பக்கத்து விரல்களோட எல்லை கலங்கிப் போறது இதுக்கு ஒரு காரணம்னு சொல்றாங்க. ஸ்கேன் நார்மலா வரும், அதனால "டென்ஷன், இன்னும் ப்ராக்டிஸ் பண்ணு"ன்னு சொல்லி அனுப்பிடறாங்க, அது நிலைமையை மோசமாக்கலாம். எழுதும்போது மட்டும் பேனா பிடிச்ச விரல் முறுக்கிக்கறதும் இதே வகைதான். இப்படி இருந்தா அசைவுக் கோளாறு பாக்குற நியூராலஜிஸ்ட்கிட்ட போங்க, போகும்போது வாசிக்கிறதையோ எழுதறதையோ போன்ல வீடியோ எடுத்துட்டுப் போங்க, சும்மா உக்காந்திருக்கும்போது பாத்தா கையில எதுவுமே தெரியாது.