தாய்லாந்தில் ஆய்வுப் பணியா? எல்.டி.ஆர். விசாவைக் கேட்டு வாங்குங்கள்

தாய்லாந்து ஆராய்ச்சிக்கு உழைக்கும் வெளிநாட்டு விஞ்ஞானிக்கு மேடையில் கேடயம் தருவார்கள். மறுவாரமே அவர் 90 நாள் முகவரிப் பதிவுக்காகக் குடிவரவு அலுவலக வரிசையில் நிற்பார். அந்த வரிசையிலிருந்து தப்பிக்க 2022 செப்டம்பரில் வந்ததுதான் எல்.டி.ஆர். என்ற நீண்டகால விசா. ஐந்தும் ஐந்துமாகப் பத்து ஆண்டு. முகவரியை வருடத்துக்கு ஒரு முறை தெரிவித்தால் போதும். வெளிநாடு போய்த் திரும்புவதற்கான ரீ-என்ட்ரி பர்மிட்டும் வேண்டாம். வேலைக்கான சாதாரண நான்-பி விசாக்காரர் அந்தப் பர்மிட் எடுக்காமல் சிங்கப்பூர் மாநாட்டுக்குப் போய்விட்டால், அவர் விசா அத்தோடு காலி.

இந்தியாவிலிருந்து போகும் ஆய்வாளர்களில் பலர் இதற்கு விண்ணப்பிப்பதே இல்லை. காரணம், "ஆண்டு வருமானம் 80,000 டாலர்" என்ற வரி. அதைப் படித்ததும் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். பல்கலைக்கழக எச்.ஆரும் "உங்களுக்கு வராது" என்று சொல்லி வேலையை மிச்சப்படுத்திக்கொள்கிறது. அதே பக்கத்தில் கீழே இன்னும் இரண்டு வரி இருக்கிறது. அறிவியல், தொழில்நுட்பத்தில் முதுகலையோ அதற்கு மேலோ படித்திருந்தால் 40,000 டாலர் போதும். தாய்லாந்து அரசு நிறுவனத்தில் வேலை என்றால் வருமான வரம்பே கிடையாது. தனியார் பல்கலைக்கழகத்துக்கு இந்தச் சலுகை இல்லை. அதனால் எச்.ஆரிடம் வாங்கும் கடிதத்தில் "அரசு நிறுவனம்" என்பதும், உங்கள் துறை அரசு பட்டியலிட்ட இலக்குத் துறைகளில் எதில் சேரும் என்பதும் தெளிவாக இருக்கட்டும். வெறும் "ஆய்வாளர்" என்று எழுதித் தந்தால் திருப்பிக் கொடுத்து மாற்றி வாங்குங்கள்.

நம்மூர்க்காரர்கள் மாட்டுவது பெயரில். பட்டச் சான்றிதழில் "எஸ். முருகன்", பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. இரண்டும் ஒரே ஆள்தான் என்று அங்கே உட்கார்ந்து நிரூபிப்பது பெரும்பாடு. ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே அதற்கு ஒரு உறுதிமொழிப் பத்திரம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் உள்ள திருமண, பிறப்புச் சான்றிதழ்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் சான்றொப்பமும் அப்போதே முடிந்திருக்க வேண்டும்.

அடுத்தது காப்பீடு. 50,000 டாலர் மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். உடனே ஏஜென்டிடம் ஓடாதீர்கள். சம்பளச் சீட்டில் தாய்லாந்து சமூகப் பாதுகாப்பு நிதிக்குப் பிடித்தம் போகிறதா என்று பாருங்கள். போனால் அதையே காட்டலாம்.

வரியில்தான் பெரிய பொறி. எல்.டி.ஆர். வாங்கினால் வருமான வரி "17 சதவீதம் மட்டுமே" என்று விளம்பரப்படுத்துவார்கள். மாதம் 80,000 பாட் சம்பளம் என்று வையுங்கள். வழக்கமான கழிவுகள் போக, சாதாரண வரி ஆண்டுக்குச் சுமார் 75,000 பாட். மொத்தச் சம்பளத்தில் 17 சதவீதம் என்றால் 1,63,200. இந்தச் "சலுகை" பெரிய சம்பளக்காரர்களுக்கானது. கணக்குப் போடாமல் சம்பளப் பிரிவில் தலையாட்டிவிடாதீர்கள்.

விண்ணப்பம் ஆன்லைனில், முதலீட்டு வாரியமான பி.ஓ.ஐ. வழியாக. 20 வேலை நாள் என்கிறார்கள். ஆவணம் எல்லாம் சரி என்று அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்தக் கணக்கு ஓடும். ஒப்புதல் கடிதம் வந்தால் 60 நாளுக்குள் விசாவைக் குத்தி வாங்கிவிட வேண்டும். "ஊருக்குப் போய்விட்டு வந்து பார்க்கலாம்" என்று நினைத்தால் மறுபடி முதலிலிருந்துதான். கட்டணம் தலைக்கு 50,000 பாட். மனைவி, குழந்தை என்றால் தனித்தனியாக. ஓராண்டு ஒப்பந்தத்தில் இருப்பவர் இந்தப் பணத்தைக் கட்டும் முன் யோசிக்க வேண்டும், வேலை போனால் தகுதியும் போய்விடும்.

எல்.டி.ஆர். கிடைத்தாலும் டி.எம். 30 உங்களை விடாது. நீங்கள் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டிய படிவம் அது. வாடகை வருமானம் வெளியே தெரியும் என்று சிலர் தர மறுப்பார்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே, தருவேன் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.